செக் என்றால் எந்தச் செக்?

நாளிதழின் கோவைப் பதிப்பை விரித்தால் ‘செக்’ பக்கத்துக்குப் பக்கம் எதிர்ப்படும். நூல் வாங்கிய பாக்கிக்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது என்று ஒரு வழக்குச் செய்தி. வாளையாறு செக்போஸ்டில் வரிசை கட்டி நிற்கும் லாரிகள். திருப்பூர் பனியன் நிறுவனத்துக்குச் செக்கிங் வேலைக்கு ஆட்கள் தேவை என்று ஒரு வரி விளம்பரம். உட்கட்சிப் பூசலில் ஒரு தலைவர் இன்னொருவருக்கு ‘செக்’ வைத்துவிட்டதாக முதல் பக்கத் தலைப்பு. இத்தனைக்கும் நடுவில் மரச்செக்கு எண்ணெய் லிட்டர் என்ன விலை என்றும் ஒரு மூலையில் போட்டிருக்கும்.

இவற்றில் எது எதற்கு உறவு? ஒலி ஒன்றாக இருப்பதாலேயே சில சொற்கள் ஒன்றாகிவிடுவதில்லை. பொருள் வேறாக இருப்பதாலேயே சில சொற்கள் வேறாகிவிடுவதுமில்லை. மேலே சொன்ன பட்டியலில் இரண்டுக்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது.

முதலில் பொருள்களைப் பிரித்துக்கொள்வோம்

ஆங்கிலச் ‘செக்’ கொங்கு நாட்டில் பெரும்பாலும் ஐந்து பொருளில் புழங்குகிறது.

1. தடுத்து நிறுத்துவது. ஓடைக்குக் குறுக்கே கட்டும் ‘செக் டேம்’ இந்த வகை. ஓடும் நீரைச் சற்று நிற்கவைத்து மண்ணுக்குள் இறக்குவதே அதன் வேலை.

2. சரிபார்ப்பது. பஸ்ஸில் டிக்கெட் பார்க்க ஏறுகிறவர், மருத்துவமனைச் செக்கப், தைத்து முடித்த பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் இருக்கிறதா என்று மேசை மேல் விரித்துப் பார்க்கும் செக்கிங் பகுதி ஆகியவை.

3. வங்கிக் காசோலை.

4. துணியில் விழும் கட்டம். லுங்கியிலும் சென்னிமலைப் போர்வையிலும் பள்ளிச் சீருடையிலும் பார்ப்பது. கடைப் பலகையில் இதைப் பன்மையில் எழுதினால் வேறு விபரீதம் ஆகிவிடும் என்பதால் ‘கட்டம் போட்டது’ என்று எழுதுவதே உத்தமம்.

5. சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைப்பது. அரசியல் தலைப்புகளில் வரும் ‘செக்’ இதிலிருந்து எடுத்த உருவகம்.

தமிழ் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது: தடுப்பு, சோதனை, காசோலை, கட்டம். தடுப்பணை என்றும் சோதனைச் சாவடி என்றும் எழுதும்போது குழப்பத்துக்கே இடமில்லை. மொழிபெயர்த்தவர்கள் ஒவ்வொரு இடத்திலும் பொருளைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஐந்தாவதற்கு ‘முற்றுகை’ என்ற சொல் இருந்தும் ஆடுகிறவர்கள் செக் என்றே சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஐந்தில் மூத்தது அதுதான். மற்ற நான்கும் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

பலகையில் கூப்பிட்ட பெயர்

சதுரங்கம் இந்தியாவில் பிறந்த ஆட்டம். ‘சதுர் அங்கம்’ என்றால் நான்கு உறுப்பு. யானை, தேர், குதிரை, காலாள் என்ற நாற்படை. ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டில் இது பாரசீகத்துக்குப் போய் ‘சத்ரங்’ ஆயிற்று. அடுத்த நூற்றாண்டில் பாரசீகத்தை வென்ற அரபியர் அதை ‘ஷத்ரஞ்ச்’ என்றார்கள்.

பாரசீகத்தில் ஆட்டத்தோடு ஒரு மரியாதையும் சேர்ந்துகொண்டது. எதிராளியின் ராஜா தாக்குதலுக்கு உள்ளாகும்போது சொல்லாமல் வெட்டக் கூடாது, ‘ஷா!’ என்று குரல் கொடுத்து எச்சரிக்க வேண்டும். ஷா என்றால் அரசன். அரபியர் வழியாக இந்த ஆட்டம் ஐரோப்பாவுக்குள் நுழைந்தபோது அந்தக் கூவலும் கூடவே போனது. இடைக்கால லத்தீனில் ‘ஸ்காக்குஸ்’, பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’, ஆங்கிலத்தில் ‘செக்’. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மை வடிவம்தான் தேய்ந்து ‘செஸ்’ ஆயிற்று. ஆகவே வேரைப் பிடித்துச் சொன்னால் செஸ் என்பது ‘ராஜாக்கள்’; செக் என்பது ‘ராஜா’. “ராஜாவுக்குச் செக்” என்று நாம் சொல்வது ராஜாவுக்கு ராஜா என்று சொல்வதுதான்.

‘செக்மேட்’ இதன் நீட்சி. மூலம் ‘ஷா மாத்’. ‘மாத்’ என்பதை அரபு மொழியாகக் கொண்டால் ‘அரசன் இறந்தான்’ என்று பொருள். பாரசீகமாகக் கொண்டால் ‘அரசன் செயலற்று நின்றான்’. பலகையில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை, நகர வழியில்லாமல் அடைத்துவிடுகிறார்கள் என்பதைப் பார்த்தால் இரண்டாவதே பொருந்துகிறது.

ஷா என்ற சொல்லின் பழம்பாரசீக வேரும், ஆட்சி என்று பொருள்படும் ‘க்ஷத்ர’ என்ற வடசொல்லின் வேரும் ஒன்று. நம் ஊரில் ‘சத்திரியர்’ என்று எழுதும் சொல்லுக்கும் வங்கியில் கிழித்துக் கொடுக்கும் செக்குக்கும் அப்படியொரு தூரத்து உறவு. பாதுஷா என்ற பட்டத்தில் இருப்பதும் இதே ஷாதான்.

மேசை விரிப்பு கருவூலம் ஆன கதை

சதுரங்கப் பலகைக்கு இடைக்கால லத்தீனில் ‘ஸ்காக்காரியம்’ என்று பெயர். பிரெஞ்சில் அது ‘எஸ்செக்கியே’. இந்தச் சொல்லிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன.

ஒன்று துணிக்கிளை. பலகையைப் போல மாறி மாறிக் கட்டம் விழுந்த எதற்கும் ‘செக்கர்’ என்றும், பிறகு சுருக்கமாகச் ‘செக்’ என்றும் பெயர் வந்தது. கட்டம் என்பது பார்க்க எளிது, நெய்யச் சிக்கலானது. பாவு நூலில் மட்டும் நிறத்தை மாற்றினால் நீளவாக்கில் கோடு விழும், அவ்வளவுதான். கட்டம் விழ வேண்டுமானால் குறுக்கே ஓடும் ஊடை நூலிலும் அதே முறையில் நிறம் மாற வேண்டும். ஊடை நூலைச் சுமந்துகொண்டு ஒரே நாடா ஓடும் சாதாரணத் தறியில், ஒவ்வொரு நிறத்துக்கும் தறியை நிறுத்தி நாடாவை மாற்றாமல் இது நடக்காது. நிறத்துக்கு ஒரு நாடா வைத்து, தேவையான நாடாவைப் பாதைக்குக் கொண்டுவரும் டிராப் பாக்ஸ் என்ற பெட்டி அமைப்பு அதற்காகவே வந்தது. 1733இல் பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்ற ஜான் கேயின் மகன் ராபர்ட் கே 1760இல் கண்டுபிடித்தது அது.

மற்றது கருவூலக்கிளை. கரூரிலிருந்து மேசை விரிப்பும் சமையலறைத் துண்டும் ஏற்றுமதி செய்கிறவர்கள் இந்தக் கதையை ரசிக்கலாம், ஏனென்றால் ஒரு நாட்டின் நிதித்துறை மேசை விரிப்பால் பெயர் பெற்ற கதை இது.

12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசனுக்குச் சேர வேண்டிய பணத்தை ‘ஷெரிஃப்’ என்ற மாவட்ட அதிகாரிகள் ஆண்டுக்கு இருமுறை கொண்டுவந்து கணக்கு ஒப்பிக்க வேண்டும். அன்று அங்கே புழக்கத்தில் இருந்தவை ரோமானிய எண்கள். அவற்றில் இடமதிப்பு கிடையாது. எழுதி வைக்கலாமே தவிர, அவற்றைக் கொண்டு கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. அதனால் பத்தடி நீளம், ஐந்தடி அகலம் உள்ள மேசையின் மேல் கோடு போட்ட கறுப்புத் துணியை விரித்து, பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒரு பத்தி, பவுண்டுக்கு ஒரு பத்தி என்று பிரித்து வில்லைகளை நகர்த்திக் கணக்குப் பார்த்தார்கள். அரசன் இரண்டாம் ஹென்றியின் கருவூலத் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், 1170களில் இந்த அளவுகளையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். மேசை சதுரங்கப் பலகையை ஒத்திருப்பதால் இந்தப் பெயர் என்றும், ஒருபக்கம் கருவூலத் தலைவரும் மறுபக்கம் ஷெரிஃபும் மோதிக்கொள்வதே ஓர் ஆட்டம்தான் என்றும் அவர் விளக்குகிறார்.

பிரிட்டனின் நிதி அமைச்சர் இன்றைக்கும் ‘எக்ஸ்செக்கர்’ துறையின் சான்சலர் என்றே அழைக்கப்படுகிறார். அந்தச் சொல்லின் தொடக்கத்தில் இருக்கும் ‘எக்ஸ்’ ஒரு பிழை. பிரெஞ்சு ‘எஸ்’ என்பதை லத்தீன் முன்னொட்டு என்று தவறாக நினைத்து யாரோ படித்தவர்கள் திருத்தியதன் விளைவு. படித்தவர்கள் திருத்தும் பிழை எந்த மொழியிலும் எளிதில் போவதில்லை.

நிறுத்து என்பது பார் என்று மாறியது எப்படி

ஷா என்று கூவியதும் என்ன நடக்கிறது? எதிராளி தன் திட்டத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு முதலில் ராஜாவைக் காக்க வேண்டும். அவருடைய ஓட்டம் அங்கே தடைப்படுகிறது. அதனால் ஆங்கிலத்தில் இந்தச் சொல் 14ஆம் நூற்றாண்டிலேயே பலகையை விட்டு இறங்கி, பின்னடைவு, திடீர்த் தடை, கட்டுப்படுத்துதல் என்ற பொருள்களைப் பெற்றது. செக் டேம் இந்தப் பழைய பொருளையே இன்னும் சுமக்கிறது.

தவறைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் அந்த ஒப்பிடலே பொருளாகிவிட்டது. செக் என்றால் சரிபார். அதிலிருந்து, சரிபார்த்ததற்கு அடையாளமாகப் போடும் குறி, கொடுக்கும் வில்லை, பெட்டியில் கட்டும் சீட்டு என்று நீண்டது. பீளமேட்டு விமான நிலையத்தில் பெட்டியைச் ‘செக்‑இன்’ செய்வது இந்தக் கடைசிக் கிளை.

தடுப்பதும் பார்ப்பதும் ஒரே இடத்தில் நடப்பது சோதனைச் சாவடியில். பாலக்காட்டுக் கணவாயின் வாயில் வாளையாறு; சத்தியமங்கலம் காட்டின் வாயில் பண்ணாரி; நீலகிரி ஏறும் வழியில் கல்லாறு. 2024 மே 7 முதல் நீலகிரிக்குப் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ‑பாஸ் கேட்கத் தொடங்கியது மூன்றாவதில் வேலையைக் கூட்டியது.

இந்த இரண்டு பொருளும் வெவ்வேறு என்பதை 2017 ஜூலை 1 காட்டிக்கொடுத்தது. அன்று ஜிஎஸ்டி வந்தது. வணிக வரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. வரிக்காக எல்லையில் ஒவ்வொரு லாரியையும் நிறுத்துவது போயிற்று. ஆனால் பார்ப்பது போகவில்லை. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு மின்வழிச் சீட்டு (இ‑வே பில்) வேண்டும் என்றானது. பறக்கும் குழு எந்த இடத்திலும் கேட்கலாம். போஸ்ட் போய்விட்டது, செக் இருக்கிறது. வாளையாற்றிலும் மற்ற இடங்களிலும் இன்னும் நிற்பவை போக்குவரத்து, காவல், வனத்துறை போன்றவற்றின் சாவடிகள். ‘செக்போஸ்ட்தான் எடுத்துவிட்டார்களே, பிறகு ஏன் நிறுத்துகிறார்கள்?’ என்று அடிக்கடி எழும் கேள்விக்கு விடை இதுவே.

தேர்தல் அறிவிப்பு வந்தால் நிலைமை தலைகீழ். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வைத்திருந்து ஆவணம் காட்டாவிட்டால் பறிமுதல் என்பதால், ஈரோட்டு வார ஜவுளிச் சந்தைக்கும் கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்கும் கேரளத்திலிருந்து ரொக்கத்தோடு வருகிறவர்கள் குறைந்துவிடுகிறார்கள். அப்போது ‘சரிபார்த்தல்’ திரும்பவும் ‘தடை’ ஆகிறது.

காசோலைக்குச் செக் என்ற பெயர் ஏன்?

இதுதான் நம் ஊர் வியாபாரத்துக்கு மிக நெருக்கமான கிளை. பலரும் நினைப்பதைப் போலச் செக் என்ற பெயர் அந்தத் தாளிலிருந்த கட்டளைக்கு முதலில் வைக்கப்பட்டதல்ல. அதன் அடிக்கட்டைக்கு வைக்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மோசடியைப் பிடிப்பதற்காகத் தாளோடு ஒட்டியிருந்து பிறகு பிரிக்கப்படும் மறுபாதிக்குத்தான் ‘செக்’ என்று பெயர். யாராவது தொகையைத் திருத்திக் கொண்டுவந்தால் மறுபாதியோடு வைத்துப் பார்த்துவிடலாம். காலப்போக்கில் பெயர் அடிக்கட்டையிலிருந்து கிழித்துக் கொடுக்கும் தாளுக்குத் தாவியது.

அதற்கும் முன்னால் இங்கிலாந்துக் கருவூலம் இதே வேலையை மரக்குச்சியில் செய்தது. தொகைக்கு ஏற்பக் குச்சியில் வெட்டுப் போட்டு, நீளவாக்கில் பிளந்து, இரு தரப்பும் ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். சேர்த்துப் பார்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். இந்த முறை 1826 வரை நீடித்தது. தேங்கிக் கிடந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று அடுப்பில் போட்டு எரித்தபோது தீ பரவி நாடாளுமன்றக் கட்டடமே எரிந்து போயிற்று. இது எதையும் அறியாமல் தமிழில் அந்த மறுபாதிக்கு ‘அடிக்கட்டை’ என்று மரத்தின் பெயரையே வைத்திருக்கிறோம்!

எழுத்து விஷயத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் காசோலைக்கும் சரிபார்ப்பதற்கும் முதலில் ஒரே எழுத்துக்கூட்டல்தான். அமெரிக்கர்கள் இன்றும் அப்படியே எழுதுகிறார்கள். பிரிட்டனில் எக்ஸ்செக்கர் என்ற சொல்லின் சாயலில் வேறு எழுத்துக்கூட்டல் பரவியது. 1828இல் வங்கியியல் எழுத்தாளர் ஜேம்ஸ் வில்லியம் கில்பார்ட், குழப்பம் தவிர்க்கவே அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டதாக எழுதினார். இந்திய வங்கிகள் அதைப் பின்பற்றுகின்றன. தமிழ் எழுத்துக்கு அந்த வசதி இல்லை, இரண்டும் ‘செக்’தான். அதனால்தான் காசு, ஓலை இரண்டையும் சேர்த்துக் ‘காசோலை’ என்று புனைந்தவரை மெச்ச வேண்டியிருக்கிறது.

இதனால் ஆகும் விளைவுகள்

பெயரின் வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது: செக் பணமல்ல, உறுதிமொழிப் பத்திரமும் அல்ல. கணக்கு வைத்திருப்பவர் தன் வங்கிக்கு இடும் கட்டளை, அதுவும் சரிபார்த்த பிறகே நிறைவேறும் கட்டளை. நூல் மண்டியிலும் பாவு நூல் கொடுத்து நெய்து வாங்கும் தொழிலிலும் கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக்கைப் ‘பிணைக்கு’ கொடுத்து வைக்கும் வழக்கம் இந்தப் புரிதலுக்கு நேர் எதிரானது. சரிபார்ப்பதற்கென்று பிறந்த தாளில் சரிபார்க்க எதுவுமே எழுதாமல் கொடுக்கிறார்கள்.

சட்டம் இதில் இரக்கம் காட்டுவதில்லை.

1. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138ஆம் பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பணமில்லாமல் திரும்பும் காசோலை அதுமுதல் குற்றம். இரண்டாண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையில் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

2. ‘பணம் தராதே’ என்று வங்கிக்கு எழுதிவிட்டாலோ, கணக்கையே மூடிவிட்டாலோ தப்பிவிடலாம் என்று நினைப்பது தவறு. இவையும் இந்தப் பிரிவுக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லிவிட்டது.

3. தானே விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கை வாங்கியவர் நிரப்பிக்கொண்டாலும், கடன் இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இல்லை என்று காட்டும் பொறுப்பு கையெழுத்திட்டவருடையது.

4. வாங்கியவருக்கும் கெடு உண்டு. தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்புக் கிடைத்தவருக்குப் பணம் கட்ட 15 நாள். அது கடந்தால் ஒரு மாதத்துக்குள் புகார்.

5. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகள் தொகுதி தொகுதியாக அல்லாமல், வரவர அனுப்பப்படுகின்றன. பணம் தர வேண்டிய வங்கி இரவு 7 மணிக்குள் பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும். ‘இன்றைக்குச் செக் கொடு, நாளை மறுநாள் கணக்கில் பணம் போட்டுக்கொள்ளலாம்’ என்ற பழைய கணக்கு இனி ஓடாது.

இவற்றோடு 2021 ஜனவரி 1 முதல் ‘பாசிட்டிவ் பே’ என்ற ஏற்பாடும் இருக்கிறது. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலையின் எண், தேதி, தொகை, பெறுபவர் பெயர் ஆகியவற்றைக் கொடுப்பவரே முன்கூட்டி வங்கிக்குத் தெரிவித்துவிடுவார். காசோலை வந்ததும் வங்கி இரண்டையும் ஒப்பிடும். புதிய பெயரில் வந்திருக்கும் இது, அந்தப் பழைய அடிக்கட்டையேதான்.

உறவில்லாதவை

மரச்செக்கு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. அது தமிழ்ச் சொல். பாரசீகக் கூவல் லண்டன் வழியாக இங்கே வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, செக்குக்குச் ‘செக்கிறை’யும் தறிக்குத் ‘தறியிறை’யும் வாங்கியதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. 1908இல் கோவை மத்திய சிறைக்குக் கொண்டுவரப்பட்ட வ.உ.சிதம்பரனாரை இழுக்கவைத்த செக்கும் இதுவே.

செவ்வானத்தைக் குறிக்கும் ‘செக்கர்’ செம்மையிலிருந்து வந்தது. டிக்கெட் பார்க்க ஏறும் செக்கருக்கும் அதற்கும் தொடர்பில்லை. செக் குடியரசின் பெயர் அங்கு வாழும் மக்களின் பெயர்.

தலைப்பில் வந்தால் எப்படிப் பிரிப்பது?

வினைச்சொல்லைப் பார்த்தால் போதும். ‘செக் வைத்தார்’ என்றால் சதுரங்கம். ‘கொடுத்தார்’, ‘மாற்றினார்’, ‘திரும்பியது’ என்றால் காசோலை. ‘செக் செய்தார்’ என்றால் சரிபார்த்தார். சொல் ஒன்றாக இருந்தாலும் வினை பொருளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சிக்கல் வேற்றுமை உருபு சேரும்போதுதான். காசோலைச் செக்கோடு ‘இல்’ சேர்ந்தாலும் எண்ணெய்ச் செக்கோடு ‘இல்’ சேர்ந்தாலும் வருவது ‘செக்கில்’. ‘ஐ’ சேர்த்தாலும் அப்படியே. காங்கேயத்தில் செக்கில் ஆட்டிய எண்ணெய்க்குச் செக்கில் பணம் வந்தது என்று எழுதினால், இரண்டு ‘செக்கில்’களுக்கும் எழுத்தளவில் அணுவளவு வேறுபாடு இல்லை, ஒன்று கல்வெட்டிலிருந்து வருகிறது, மற்றது பாரசீக ராஜாவிடமிருந்து.